பெட்டியில் எத்தனை கோர்

பெரம்பலூர் தமிழழகனுக்கு அமாவாசை வீட்டிலிருந்து போக வேண்டிய பாக்கி ஏழாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். வாங்கியது மகன் கலைச்செல்வன். பழைய கம்ப்யூட்டர்தான். பதினேழாயிரத்து நானூற்று அறுபதுக்குப் பேசி, பத்தாயிரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, போன தை மாதம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். எட்டுக் கோர் என்று சொல்லி விற்ற பெட்டி. வீட்டில் வைத்துக் கறுப்புத் திரையில் கேட்டபோது நாலு என்றது. எட்டென்று சொல்லி நாலைக் கொடுத்தவனுக்கு மீதி எதற்கு என்று பாக்கியை நிறுத்தி, பில்லைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டான்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அதே திரை ஐந்து என்றது.

அமாவாசை கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். படித்தவனாக இருந்தால் திரை மேல் சந்தேகம் வந்திருக்கும். முப்பத்தெட்டு வயதில் எண்ணும், அதற்கப்புறம் மெல்ல மெல்ல எழுத்தும் கற்றுக்கொண்ட மனிதருக்குத் தன் மேல்தான் வந்தது. பில்லுக்குப் பக்கத்தில் ஒரு காலண்டர் அட்டை. அதில் கலைச்செல்வன் ஐந்து இங்கிலீஷ் எழுத்துகளைப் பெரிசு பெரிசாக எழுதி வைத்திருந்தான். இந்த ஐந்தையும் வரிசையாகத் தட்டு, கடைசியில் பெரிய பட்டனை அமுக்கு, எத்தனை கோர் என்று அதுவே சொல்லும் என்று சொல்லிக் கொடுத்திருந்தான். அட்டையைப் பார்த்து, விசையைப் பார்த்து, ஒவ்வொன்றாக ஒற்றை விரலால் தட்டினார். ஐந்து. தொப்பை வைத்த ஐந்து, வேறெதுவும் இல்லை.

தமிழழகன் மத்தியானம் போன் செய்திருந்தான். முதலில் துக்கம் விசாரித்தான். அப்புறம் தயங்கித் தயங்கி, ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு தடவை பெட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறேன், இருக்கிறதை வைத்துக் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றான். நாலு என்று காட்டத் தெரிந்து வைத்திருக்க வேண்டுமே என்றுதான் மண்டியில் வெங்காய மூட்டை இறக்கிவிட்டு வந்த கையோடு அமாவாசை அதைப் போட்டார். நாற்பத்தோரு நாளாக யாரும் தொடாத பெட்டி.

நாற்பத்தோரு நாளுக்கு முன்னால், ஐப்பசி மழையில், அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரிக்கு எடை போடும் அறையோடு தரை உள்ளே போனது. மேசை, மின்விசிறி, தகரக் கூரை, கலைச்செல்வன். ஒன்பது நாள் தேடினார்கள். மேலே வந்ததெல்லாம் தண்ணீரும் வெள்ளைச் சேறும். பத்தாம் நாள் சுற்றி வேலி போட்டார்கள். உடம்பு கிடைக்காமல் காரியம் செய்ய மாட்டேன் என்று அவன் அம்மா வேணி சொல்லிவிட்டாள். சொந்தக்காரர்கள் எடுத்துச் சொன்னதற்கு, "அவன் செத்தத நான் பாக்கல" என்று மட்டும் சொன்னாள். புருசனிடமும் அதற்கு மேல் பேசவில்லை.

அமாவாசை கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு எழுந்தபோதுதான் மேசைக்கு அடியில் சிமெண்ட் தரையில் அந்த வட்டத்தைப் பார்த்தார். தண்ணீர்ச் சொம்பை வைத்து எடுத்தால் விழுமே, அந்த மாதிரி ஈர வட்டம். வேணி அங்கே சொம்பு வைப்பவள் இல்லை. துண்டால் துடைத்தார். துடைத்த துண்டைத் தோளில் போட்டபோது மூக்கில் ஒரு வாடை ஏறியது. நனைந்த சுண்ணாம்புக் கல்லை அறுக்கும்போது வருகிற வாடை. பதினெட்டு வருசமாக அவர் மூக்குக்கு வராத வாடை.

கோர் என்ற வார்த்தை கலைச்செல்வன் வாயிலிருந்து முதலில் வந்தபோதே அமாவாசைக்கு என்னமோ செய்தது. அந்தக் காலத்தில் அவர் கோர் எடுக்கும் ரிக்கில் கையாள். பூமிக்குள் எத்தனை அடியில் என்ன கல் இருக்கிறது என்று பார்ப்பதற்காக, முனையில் வைரம் பதித்த குழாயைச் சுழற்றி இறக்குவார்கள். குழாய்க்குள் சிக்கிய கல் உருளையாக மேலே வரும். அதற்குத்தான் கோர் என்று பெயர். குழாயைச் சாய்த்துச் சுத்தியலால் பதமாகத் தட்டினால், டொக், டொக், கல் வழுக்கிக்கொண்டு கைக்கு வரும். கழுவி, தகரப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, பெட்டி மேல் நம்பர் எழுத வேண்டும்.

அதனால்தான் அன்றைக்கு அவர், "எத்தனை கோருன்னு தெரியணும்னா பெட்டியத் தொறந்து எண்ணிப் பாரேன்டா" என்றார். கலைச்செல்வன் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து வேணி எட்டிப் பார்த்தாள்.

"யப்பா, இது ஒங்க கல்லு கோரு இல்லப்பா. பெட்டிக்குள்ள வேல பாக்குற ஆளுங்கன்னு வச்சுக்க. தொறந்து எண்ண முடியாது. கேக்கணும். கேட்டா அதுவே சொல்லும்."

"பொய் சொல்லாதா?"

"மெஷினுக்கு எதுக்குப்பா பொய்யி? மனுசன்தான் எட்டுன்னு சொல்லிட்டு நாலக் குடுப்பான்."

அவன் தமிழழகனை நினைத்துச் சொன்னான். அமாவாசை எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை வேணியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு தட்டினார். மழை பிடித்திருந்தது. மக்காச்சோளக் காட்டிலிருந்து நனைந்து வந்தவள், தலையைத் துவட்டியபடியே குனிந்து பார்த்து, "ஆறு" என்றாள். நேற்று ஐந்து என்று அவர் சொன்னார். கெட்டுப் போன சாமான் என்னமோ காட்டும் என்றாள். பிறகு சுவரில் இருந்த பில்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எட்டு வந்தா அந்தாளுக்குக் குடுத்துடுங்க. புள்ள பேர்ல கடன் நிக்க வேணாம்."

அவள் அடுப்படிக்குப் போன பிறகு அமாவாசை மேசைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். துடைத்த வட்டம் அதே இடத்தில் இருந்தது. ஈரம் இல்லை இப்போது. சிமெண்டில் ஊசியால் கீறின மாதிரி மெல்லிய பள்ளம், ஒரு சுற்று, பிசகில்லாமல். பள்ளத்தில் மோர் மாதிரி வெள்ளையாக என்னமோ கசிந்து நின்றது. விரலால் தொட்டு நுனியை உரசிப் பார்த்தார். அரைபட்ட கல். நெறுநெறுவென்று இருந்தது. வேணியைக் கூப்பிட வாய் எடுத்தார். கூப்பிட்டால் இது என்ன என்பாள். இது என்ன என்று சொல்லத் தொடங்கினால் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். டார்ச்சை அணைத்தார்.

அது முடிகிற இடம் முந்திரிக்காட்டை ஒட்டிய ஒரு புறம்போக்கு. பதினெட்டு வருசத்துக்கு முன்னால் அங்கே போட்ட குழியில் நாலு பெட்டி நிறையக் கல் வந்தது. அதற்குக் கீழே ராடு தானாகச் சரிந்து இறங்கியது. குழாய் வழியாக உள்ளே விட்ட தண்ணீர் மேலே திரும்பி வரவில்லை. குழாயைத் தட்டினால் வெள்ளைச் சேறுதான் ஒழுகியது. கீழே ஒன்றுமே இல்லை. கல் வராத ஆழத்துக்குக் கம்பெனியில் காசு கிடையாது. ரிக்குக்காரர் யோசித்துவிட்டு, பக்கத்துக் குழியில் எடுத்த கல்லில் இன்னும் நாலு பெட்டி நிரப்பச் சொன்னார். ஐந்து முதல் எட்டு வரைக்கும் நம்பர் போட ஆள் வேண்டும். அமாவாசைதான் கூடாரத்தில் உட்கார்ந்து அந்த வாரம் முழுக்க எண் எழுதப் பழகிக்கொண்டிருந்தார். சிவப்புப் பெயிண்டில் பிரஷ்ஷைத் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஐந்து, ஆறு, ஏழு எழுதினார். எட்டுக்கு ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம். கூலிக்காக அவர் கையால் எழுதிய முதல் எழுத்து அதுதான். "கலெக்டர் கையெழுத்துய்யா ஒனக்கு" என்று ரிக்குக்காரர் தனியாக ஐம்பது ரூபாய் கொடுத்தார். அந்த ஐம்பதில், நாலு வயதுக் கலைச்செல்வனுக்கு ஒரு சிலேட்டும் ஒரு டப்பா குச்சியும் வாங்கி வந்தார்.

இதை வேணியிடம் அவர் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வெகுகாலம் வரவில்லை. போன சித்திரையில் கலைச்செல்வனுக்கு எடை போடுகிற வேலை கிடைத்து, முதல் நாள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவனோடு போனபோது, எடை அறைக்குப் பத்தடியில், அந்தக் குழிக்கு அடையாளமாக அன்றைக்கு அவர் நம்பர் எழுதி நட்ட அளவுக்கல் நின்றது. சிவப்பு மங்கியிருந்தது. அவர் எழுத்துதான். முகம் ஏன் இப்படி ஆகிவிட்டது என்று பையன் கேட்டான். வெயில் என்றார். எத்தனை லாரி ஏறி இறங்குகிறது, தரை தாங்கத்தானே செய்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினார். மாதம் பதினாலாயிரம் சம்பளம்.

வெள்ளிக்கிழமை ஏழு.

அன்றைக்குத்தான் சத்தமும் கேட்டது. மழை தகரச் சாய்ப்பில் விழுந்துகொண்டிருந்தது, கம்ப்யூட்டருக்குள் சின்ன விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, தெருவில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார்கள், இத்தனைக்கும் அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, இரும்புக் குழாயை இரும்பால் பதமாகத் தட்டுகிற சத்தம். டொக். நிறுத்தி, டொக். கல் உடைந்துவிடாமல் தட்டுகிற கை அது. பழக வருசக்கணக்கில் ஆகிற கை. அமாவாசையின் வலது மணிக்கட்டு அந்தத் தாளத்துக்குத் தானாக அசைந்தது. வேணி ஒரு பக்கமாகப் படுத்திருந்தாள். உனக்கு ஏதாவது கேட்கிறதா என்றார். மழைதான் கேட்கிறது என்றாள்.

சனிக்கிழமை அவர் அதைப் போடவில்லை. மண்டியிலிருந்து கோணிச்சாக்கு எடுத்து வந்து பெட்டியைப் போர்த்தி, பிளக்கையும் பிடுங்கிவிட்டார். தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. நேற்றைவிடக் கிட்டத்தில் கேட்டது.

ஞாயிறானால் வேணி குழிக்கரைக்குப் போவாள். காலை பஸ்ஸில் போய், வேலிக்கு வெளியே நின்றுவிட்டு, இருட்டுவதற்குள் திரும்புவாள். அமாவாசை ஒரு நாளும் கூடப் போனதில்லை. அன்றும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பியவள், வாசலில் நின்று, "இன்னிக்காச்சும் வரீங்களா" என்று கேட்டாள். தமிழழகன் வருவானே என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

தமிழழகன் மூன்று மணிக்கு வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். மழைக்கோட்டைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்து, கலைச்செல்வன் படத்தைப் பார்த்தான். படத்துக்கு மாலை இல்லை என்பதைக் கவனித்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டான்.

"ஒங்க பையன் என்னைய சும்மா வுட்டான்னு நெனைக்கிறீங்களா. கடையில நாலு கஸ்டமர் நிக்கிறப்ப வந்து, அண்ணே, மீதி நாலு கோரு ஒங்க வூட்ல இருக்கா, இல்ல ஒங்க மாமியார் வூட்ல இருக்கான்னு கேட்டான்." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "நான் சொன்னது பொய்ண்ணே. அது நாலுதான். தெரிஞ்சேதான் எட்டுன்னு சொன்னேன். அவன் இருக்கறப்பயே ஒத்துக்கிட்டிருக்கணும். வாய் வரல. பாக்கி வேணாம். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அமாவாசையின் வாய் திறந்தது. இந்த மனிதன் சொன்னதையே சொன்னால் போதும். எட்டு, நாலு, இரண்டு வார்த்தை. அதற்குப் பதிலாக, "ஒரு தடவ பாத்துடுங்க தம்பி" என்றார்.

சாக்கை எடுத்தபோது அது நனைந்து கனத்தது. பிளக்கைச் சொருகி, தமிழழகன் பத்து விரலாலும் தட்டினான்.

எட்டு.

அவன் இன்னொரு தடவை தட்டினான். வேறு எதையோ நீளமாகத் தட்டினான். திரை நிறைய எழுத்து ஓடி, அதிலும் ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினான். எட்டு. காதோரம் வேர்த்திருந்தது.

"இருக்காதுண்ணே. இந்த மாடல்ல கம்பெனியே நாலுதான் போட்டான். நாலுக்கு மேல பொறக்கவே பொறக்காது."

பையிலிருந்து திருப்புளியை எடுத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே பச்சைப் பலகை மேல், ஒயர்கள் மேல், சுற்றிக்கொண்டிருந்த விசிறி மேல், எங்கும் வெள்ளைச் சேறு. புதுச் சேறு. விசிறி அதைச் சொட்டுச் சொட்டாகத் தெறித்தது. ஒரு சொட்டு அவன் கையில் விழுந்தது. முகர்ந்து பார்த்தான். என்ன இது என்று கேட்கவில்லை. எழுந்து, சுவரில் இருந்த பில்லில் தொகையைக் குறுக்கே அடித்து, கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டான். தகட்டை மாட்டாமல், திருப்புளியை எடுக்காமல், ஹெல்மெட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டு மழையில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

வண்டிச் சத்தம் தேய்ந்து போனது. மழையும் விட்டது. பகல் வெளிச்சம் வாசல் வரைக்கும் வந்து நின்றது.

டொக்.

மேசைக்கு அடியில்.

அமாவாசை மேசையை நகர்த்தினார். வட்டம் மூடி மாதிரி அசைந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து தட்டத் தட்ட, ஒரு நூல் உயரம். இன்னொரு நூல். அவர் மண்டியிட்டார். கை முந்திக்கொண்டது. விளிம்பைப் பிடித்து, திருகி, பதமாக மேலே இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. மேலே சிமெண்ட், அதன் கீழே ஜல்லி, அதன் கீழே வெள்ளைக் கல். ஒரு முழ நீளம். முழுசு. உடையாத கோர். துண்டால் துடைத்து, தலைப்பக்கத்தை இடது புறமாக வைத்துத் தரையில் கிடத்தினார். அப்படித்தான் வைக்க வேண்டும்.

ஓட்டைக்குள் இருட்டு. கை நுழைகிற அகலம். குளிர்ந்த காற்று மேலே வந்தது. போனது. மறுபடி வந்தது.

அவர் குப்புறப் படுத்து வாயை ஓட்டைக்குக் கிட்டே கொண்டு போனார்.

"எட்டு இல்லடா" என்றார். "நாலுதான் வந்துச்சு. கீழ ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும். எழுதுனது நான்தான். ஒன்னைய அங்க விட்டுட்டு வந்ததும் நான்தான்."

தட்டுகிற சத்தம் நின்றது.

அவர் அழுதுகொண்டிருந்தார். அப்புறம் கையை உள்ளே விட்டார். முழங்கை வரைக்கும். தோள் வரைக்கும். ஈரம். குளிர். வெறுமை. விரல்களை விரித்துத் துழாவினார்.

இரண்டு விரலை ஒரு கை பிடித்தது.

இரண்டே விரல். ரோடு தாண்டும்போது பிடிப்பான், சுண்டு விரலையும் பக்கத்து விரலையும் மட்டும். அதே பிடி. ஆனால் கை சின்னது. இருபத்திரண்டு வயதுக் கை இல்லை. உள்ளங்கை அவர் கட்டை விரல் நீளம்தான் இருந்தது. விரல் நுனியில் மாவு மாதிரி ஒட்டியிருந்தது. சிலேட்டுக் குச்சி.

திண்டு மேல் அவருடைய போன் அடித்தது. வேணிக்கென்று கலைச்செல்வன் வைத்துக் கொடுத்த பாட்டு. குழிக்கரையில் என்ன பார்த்தாளோ. அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கை எட்டவில்லை.

படுத்த வாக்கில் திரை தெரிந்தது. யாரும் தட்டவில்லை. ஐந்து எழுத்தும் தானாக வந்தன, ஒவ்வொன்றாக, எழுத்துக்கு எழுத்து யோசிக்கிற மாதிரி. அடுத்த வரியில் எண் வந்தது. நாலு.

அதற்குப் பக்கத்தில் சுவரில் பில். அடித்த தொகைக்குக் கீழே தமிழழகனின் கோணல் எழுத்து. அமாவாசை உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டினார். பா. க். கி. இ. ல். லை.

போன் நின்றது. கீழேயிருந்து மெதுவாக இழுத்தது, வா என்கிற மாதிரி. தோள் தரையில் முட்டியது. கன்னம் ஈரச் சிமெண்டில் பதிந்தது.

அமாவாசை கையை உருவிக்கொள்ளவில்லை. அந்தச் சின்ன விரல்களும் விடவில்லை.